வடகரைப் பெண்ணின் வலது முட்டி

எலும்பு மூட்டு சிகிச்சைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம், கத்தி பிடிப்பதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அதில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். முட்டிக்குள் கேமராக் குழாயை விட்டுச் செய்யும் ஆர்த்ரோஸ்கோப்பியை நீங்கள் படிக்கும்போதே பழகிவிடுகிறீர்கள். எனக்கு அந்த வாய்ப்பு இல்லை. சென்னையில் ஒரு பெரியவர் பின்னால் பத்து நாள் நின்று வேடிக்கை பார்த்தேன். மீதியைத் தென்காசி மார்க்கெட்டில் வாங்கிய ஆட்டு முட்டியில் நானே பழகிக்கொண்டேன். வாரத்துக்கு இரண்டு நாள் போய் நிற்பேன். தொடையும் காலும் சேர்ந்தாற்போல், மூட்டைப் பிரிக்காமல் வேண்டும் என்று கேட்பேன். கறிக்கடைக்காரர் ஒருநாள் கத்தியை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“டாக்டரே, நெசமாச் சொல்லும். சூப்பு வைக்கத்தான் வாங்குதீரா, இல்ல ஆட்டுக்கே வைத்தியம் பாக்குதீரா?”

“வைத்தியந்தான் அண்ணாச்சி.”

“அப்ப உயிரோட இருக்கும்போதுல்லா வந்து பாக்கணும்!”

கடையே சிரித்தது. ஆனாலும் அன்றிலிருந்து எனக்கென்று நல்ல மூட்டாக எடுத்து வைப்பார்.

உங்களுக்குத் தருவதற்கு என்னிடம் இருப்பது ஆட்கள் சொன்ன சொற்கள்தான். ஆய்க்குடியிலிருந்து வந்த ஒரு தபால்காரர், “முட்டிக்குள்ள ஒரு தவக்கள உக்காந்திருக்கு சார், படி ஏறுனா மட்டும் கத்துது” என்றார். நாற்று நடுகிற ஒரு அம்மா, “முட்டி எங்கூடப் பேசவே மாட்டேங்கு, கோவிச்சிக்கிட்டுது” என்றார். சிவகிரிப் பக்கத்து ஓட்டக்காரர் ஒருவர், “உள்ள யாரோ மணல் சலிக்காவ சார்” என்றார். இந்தக் கடைசி ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால், அந்த மணலை அள்ளிப் போட்டவன் நான்.

பட்டாளத்தில் சேர ஓடிப் பழகியபோது அவருக்கு முட்டி ஜவ்வு கிழிந்தது. தொடை எலும்புக்கும் கால் எலும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி இருக்கிறதே, அந்த ஜவ்வு. கிழிந்ததை எடுத்துவிட்டால் ஆள் சீக்கிரம் ஓடுவான் என்பது அப்போது எனக்குத் தெரிந்த வைத்தியம். எடுத்தேன். ஓடினார், பட்டாளத்தில் சேர்ந்தார், நானும் மார் தட்டிக்கொண்டேன். சில வருடம் கழித்து மணல் சலிக்கும் முட்டியோடு திரும்பி வந்தார். மெத்தை போன இடத்தில் எலும்பு எலும்போடு உரசிக்கொண்டிருந்தது. “நீங்க நல்லாத்தான செஞ்சிய சார், எங்காலுதான் ராசியில்ல” என்று எனக்கே ஆறுதல் சொன்னார். அன்று ஒரு முடிவுக்கு வந்தேன். தைக்க முடிந்த ஜவ்வை இனி வெட்டுவதில்லை.

நல்ல முடிவு. இன்றைக்கும் அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நல்ல முடிவே என்னை ஒருநாள் எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வடகரையிலிருந்து ஒரு பெண் வந்தாள். செல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட வந்த அப்பாவுக்குக் கொஞ்சம் வயலும் இருபது முப்பது தென்னையும் உண்டு. ஊர்க் கோயில் கொடை விழாவில் நடந்த கபடியில், பாடிப் போய்த் திரும்பும்போது ஊன்றிய கால் அப்படியே இருக்க உடம்பு மட்டும் திரும்பியிருக்கிறது. உள்ளே ‘டப்’ என்றதாம். மூன்று வாரமாகக் கால் நீளவில்லை. மடங்கியபடி பூட்டிக்கொண்டுவிட்டது.

“சுளுக்குன்னு நெனச்சு ரெண்டு வாட்டி எண்ணெ போட்டு இழுத்துப் பாத்தாச்சுய்யா,” என்றார் அப்பா. “நீட்ட வரமாட்டேங்கு.”

“இழுத்தவரு, இது பிடிவாதம் பிடிச்ச முட்டின்னாரு சார்,” என்றாள் செல்வி. “எங்கப்பா குடுத்த முட்டியில்லா, வேற எப்படி இருக்கும்னேன்.”

அப்பா சிரிக்கவில்லை. நான் சிரித்தேன்.

ஸ்கேனைப் பார்த்ததும் தெரிந்தது. உள்பக்க ஜவ்வு நீளவாக்கில் கிழிந்து, வாளியின் பிடி சரிவது போல நடுமூட்டுக்குள் சரிந்து கிடந்தது. கதவிடுக்கில் துணி சிக்கினால் கதவு சாத்தாது இல்லையா, அதுபோலத்தான் கால் நீளாமல் நின்றது. இரண்டு வழி இருக்கிறது என்றேன். தைத்தால் மூட்டு பிழைக்கும், ஆனால் ஓட ஆறு மாதம் ஆகும். வெட்டினால் சீக்கிரம் ஓடலாம், ஆனால் பின்னால் தேயும்.

“போலீஸ் எழுத்துப் பரிட்ச பாஸாயிட்டேன் சார். இன்னும் பத்து வாரத்துல ஓட்டமும் தாண்டுறதும் இருக்கு. வயசு வரம்பு இந்தத் தடவையோட முடிஞ்சிருது. வெட்டிருங்க.”

அவள் ஒளிவு மறைவில்லாமல் சொன்னதற்கு நான் சொன்ன பதில்: “உள்ள போய்ப் பாத்துக்குவோம்மா.”

அப்பா சொன்னது: “நீங்க பாத்துச் செய்யுங்கய்யா.”

இந்த இரண்டு வாக்கியங்களை வைத்துத்தான் நம் பக்கத்து ஆஸ்பத்திரிகள் ஓடுகின்றன. நீங்களும் ஒருநாளைக்குப் பத்துத் தடவை கேட்பீர்கள், பத்துத் தடவை சொல்வீர்கள். சம்மதப் படிவத்தில் ‘ஜவ்வைத் தைத்தல் அல்லது நீக்குதல்’ என்று இரண்டுமே அச்சடித்திருந்தது. கையெழுத்தும் ஆனது. அவள் மனதில் வெட்டுவது, என் மனதில் தைப்பது. எதைச் செய்யப் போகிறேன் என்று நான் அவளிடம் வாய்திறக்கவில்லை.

அறுவை அன்று முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்திருந்தோம். தூக்க மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நெஞ்சுக்கு நேராகத் தொங்கிய பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் அவள் முகமும் மயக்க மருந்து டாக்டரும். இந்தப் பக்கம் நானும் நர்சும் திரையும்.

உள்ளே போனேன். எத்தனையோ முட்டிக்குள் போயிருக்கிறேன், இன்று வரை அந்த முதல் பார்வையில் எனக்கு மூச்சு ஒரு நொடி நின்றுதான் வரும். உப்புநீர் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓரத்துச் சதை நூல்கள் சிற்றாற்றுப் பாசி மாதிரி அந்த ஓட்டத்தில் சாய்ந்து அசைகின்றன. நடுவில் எலும்பு முனை, இளநீர் வழுக்கையை அப்போதுதான் வழித்து எடுத்தது போல வெள்ளையாக, ஈரமாக, ஒரு கீறல் இல்லாமல். இதை யாரும் பார்ப்பார்கள் என்று செய்ததில்லை. இருட்டிலேயே இருக்கிற பொருளை ஏன் இவ்வளவு அழகாகச் செய்ய வேண்டும்? எனக்கு விடை தெரியாது. கும்பிடத்தான் தோன்றும்.

சரிந்து கிடந்த ஜவ்வை நெம்பி இடத்தில் வைத்தேன். பொருந்தி உட்கார்ந்தது. கிழிசல், ரத்த ஓட்டம் இருக்கும் ஓரத்தில். புதுக் கிழிசல். தைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிற கிழிசல். சிவகிரி ஆளின் முட்டி என் கண்ணுக்குள் வந்து நின்றது.

அங்கேதான் பிசகினேன். அவளிடம் வெட்டமாட்டேன் என்று நான் சொல்லியிருக்கவில்லையே என்று மனது உறுத்தியது. உறுத்தியதும் யாரிடம் கேட்டேன் தெரியுமா? நர்சை அனுப்பி அப்பாவைத் தியேட்டர் வாசலுக்கு வரச்சொன்னேன். உறை போட்ட கைகளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு கதவருகில் போய் நின்று, தைக்கலாம் என்று பார்க்கிறேன் அண்ணாச்சி என்றேன்.

“நீங்க பாத்துச் செய்யுங்கய்யா. புள்ள நடந்தாப் போதும்.”

திரும்பி வந்தேன். “சிஸ்டர், தையல் ஊசி செட்டை எடுங்க.”

பச்சைத் துணிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “தையலா சார்?”

“ஆமாம்மா. அப்பாகிட்ட கேட்டுட்டேன்.”

“ஓடப்போறது அப்பாவா சார்?”

மயக்க மருந்து டாக்டர் செங்கோட்டைக்காரர், எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பவர். அவரே கூரையைப் பார்த்தார். எனக்கு முதலில் வந்தது கோபம். மறைக்க மாட்டேன். படுத்துக்கிடக்கிற பிள்ளை, அறுக்கிறவனைக் கேள்வி கேட்கிறதே என்ற கோபம்.

“படிவத்துல ரெண்டும் இருக்கும்மா. கையெழுத்துப் போட்டிருக்க.”

“போட்டேன். வெட்டுங்கன்னும் சொன்னேன். மாத்துறதா இருந்தா எங்கிட்டதான கேக்கணும்? நான் இங்கனதான கெடக்கேன்? உள்ள அப்படி என்னதான் இருக்கு, சொல்லுங்க.”

தொடையில் ரத்தத்தை நிறுத்தக் காற்றடைத்துக் கட்டிய பட்டைக்கு நேரக் கணக்கு உண்டு. நாற்பது நிமிடம் போயிருந்தது. செங்கோட்டைக்காரர் மெதுவாகச் சொன்னார்: “டிவியைத் திருப்பும் வே. அந்தப் புள்ளையும் பாக்கட்டும்.”

நர்ஸ் துணியை விலக்கித் திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

செல்வி தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தாள். அவள் பார்க்கிறாள் என்பதால் கேமராவை மெதுவாக நகர்த்தினேன். ஊருக்கு வந்த விருந்தாளிக்குத் தெருவைக் காட்டுவது போல ஒவ்வொன்றாகக் காட்டினேன். இது தொடை எலும்பு. இது கால் எலும்பு. இந்த முறுக்குக் கயிறுதான் முட்டியை இழுத்துப் பிடித்திருக்கிறது, அது நன்றாக இருக்கிறது.

“இதா சார்? எம்முட்டியா இது?” குரல் மாறியிருந்தது. “இம்புட்டு வெள்ளையாவா இருக்கு? இது மேலயா நான் இத்தன நாளும் குதிச்சேன்?”

“ஆமாம்மா.”

“யாருக்கும் தெரியாம உள்ள இப்படி ஒண்ணு இருந்திருக்கு, பாருங்களேன்.”

பிறகு கிழிசலைக் காட்டினேன். கொக்கியால் தொட்டு, எப்படிச் சரிந்து கதவடைத்தது என்றும் காட்டினேன். அவள் கேட்ட கேள்விகளை நான் தேர்வாளராக இருந்த நாளில் ஒரு மாணவரும் கேட்டதில்லை.

“வெட்டுனா திரும்ப வளருமா?”

“வளராது.”

“தைச்சா ஒட்டிக்கிடும்னு சத்தியமாச் சொல்லுவியளா?”

“சத்தியம் பண்ண முடியாது. ஒட்டும்னு நம்புதேன்.”

“வெட்டுனா பத்து வாரத்துல ஓடுவனா?”

“ஓட வாய்ப்பிருக்கு. அதுக்கும் சத்தியம் கிடையாது.”

“பின்னால?”

“தேயும். நாப்பது வயசுக்கு முன்னாலயே நோக ஆரம்பிக்கலாம். வேற ஆபரேஷன் வேண்டி வரலாம். இப்ப முடிவெடுக்கணும்னு இல்லம்மா. எதையும் தொடாம வெளிய வந்துருதேன். ரெண்டு நாளு யோசிச்சுச் சொல்லு.”

“யோசிக்காமலா சார் இருந்தேன்? கால் நீளாமக் கெடந்த மூணு வாரமும் அதத்தான செஞ்சேன்.” திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். “எங்க ஊருல நாப்பதுல எல்லாப் பொம்பளைக்கும் முட்டி நோவத்தான் செய்யுது. எங்கம்மைக்கு நோவுது. வயல்ல குனிஞ்சு குனிஞ்சே நோவுது. எனக்கு யூனிபாரம் போட்டுக்கிட்டு நோவட்டும். வெட்டிருங்க.”

அவள் விவரம் தெரியாமல் சொல்லவில்லை. தன்னுடைய அந்த வெள்ளையைக் கண்ணாரப் பார்த்து, ‘இம்புட்டு அழகா’ என்று வியந்து, அதில் எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்து சொன்னாள். நான் அத்தனை வருடம் மூட்டைக் காப்பாற்றுவதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். அந்த மூட்டுக்குச் சொந்தக்காரி எதற்காக அதை வைத்திருக்கிறாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

வெட்டினேன். கிழிந்த பகுதியை மட்டும். ஓரத்து வரம்பில் எவ்வளவு மிச்சம் வைக்க முடியுமோ அவ்வளவையும் வைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக எதையும் தைத்ததுகூட இல்லை. துண்டை வெளியே எடுத்ததும் காலைப் பிடித்து மெல்ல அழுத்தினேன். மூன்று வாரம் மடங்கிக் கிடந்த கால், ஒரு பேச்சுமில்லாமல் நீண்டு மேசையில் படுத்தது. “நீண்டுட்டா சார்?” என்றாள். கால் மரத்திருந்ததால் அவளுக்குத் தெரியவில்லை. நீண்டுவிட்டது என்றேன்.

வெளியே அப்பாவிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். உங்களிடம் கேட்டிருக்கக் கூடாது என்றும் சொன்னேன். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எங்கிட்டக் கேட்டது தப்புதான்யா. அவ கபடி ஆடி நான் ஒருநாளும் பாத்ததில்ல. பொட்டப்புள்ள ஆடுறதப் போயி என்னத்தப் பாக்கன்னு இருந்துட்டேன். எனக்கு அவ காலப் பத்தி என்ன தெரியும்?”

பத்து வாரமும் அவள் எங்கள் பிசியோதெரபிக்காரரைப் பாடாய்ப் படுத்தினாள். முதலில் ஊன்றுகோல், பிறகு சைக்கிள், ஏழாவது வாரத்தில் குற்றாலம் போகிற சாலையில் சாரலோடு சாரலாக மெல்லோட்டம். இரண்டு முறை முட்டி வீங்கியது. இரண்டு முறையும் நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினாள். ஓடச் சொன்னபோது ஓடினாள். சொன்ன சொல் மாறவில்லை.

தேர்வு நாளன்று ஓ.பி.யை இன்னொருவரிடம் விட்டுவிட்டு நானும் போனேன். மருத்துவ காரணம் ஒன்றுமில்லை. வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். மைதானத்துக்குள் வெளியாட்களை விடவில்லை. மதில் ஆளுயரத்துக்கு மேல். அப்பாவும் நானும் மதிலுக்கு வெளியே நின்றோம். உள்ளே விசில் சத்தம் மட்டும் கேட்டது.

அப்பா செருப்பைக் கழற்றினார். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினார். என்ன ஏது என்று நான் கேட்பதற்குள் மதிலோரத்து வேம்பில் ஏறிவிட்டார். தினமும் தென்னை ஏறுகிறவருக்கு அது ஒரு மரமே இல்லை.

“யோவ் பெருசு, எறங்கும்!” வாசலில் நின்ற காவலர் ஓடிவந்தார்.

“எம்மவ ஓடுதாய்யா. ஒரு நிமிஷம். ஓடுனதும் எறங்கிருதேன்.”

காவலர் என்னைப் பார்த்தார். நான் டாக்டர் என்றேன், அது எதற்குப் பதில் என்று எனக்கே தெரியவில்லை. அவர் தலையில் அடித்துக்கொண்டு, “சீக்கிரம் எறங்கச் சொல்லுங்க” என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“என்ன அண்ணாச்சி தெரியுது?”

“நிக்காவ... வரிசையா நிக்காவ... விசில் ஊதியாச்சு! ஓடுதாவ!”

“செல்வி?”

“கடைசில வாரா. இல்ல இல்ல, கடைசிக்கு முன்னால... இப்ப ஒருத்தியத் தாண்டிட்டா... ஏ யம்மா, என்ன ஓட்டம்!”

“முட்டியப் பாருங்க. வலது முட்டி மடங்குதா? நொண்டுதாளா?”

“எங்கய்யா நொண்டுதா? பறக்கா! நீரு சும்ம இரும், எம்புள்ளய நான் பாக்கணும்!”

கேட்டுக்கொண்டிருந்த காவலரும் அண்ணாந்து, “எத்தனாவதுய்யா வருது?” என்றார். அப்பா கிளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். நல்லதுக்கு அழுகிறாரா, கெட்டதுக்கா என்று தெரியாமல் நான் மரத்தடியில் நின்ற அந்த நேரம், எந்த அறுவையிலும் எனக்கு வாய்க்காத நேரம். சாயங்காலம் செல்வி வாசலுக்கு வந்து சொன்னாள். ஓட்டமும் தாண்டுதலும் இரண்டுமே தேறியிருந்தாள். அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். நான் குனிந்து முட்டியைத்தான் பார்த்தேன். கொஞ்சம் வீங்கியிருந்தது.

வருடங்கள் போயின. நான் ஓய்வு பெற்றேன். போலீஸ் வேலையில் பத்து வருடத்தைத் தாண்டியிருந்த செல்விக்கு, இனி அவர் என்றுதான் சொல்ல வேண்டும், போன சீசனில் முட்டியின் உள்பக்கம் நோக ஆரம்பித்தது. நான் உங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பினேன். கால் எலும்பின் சாய்வைத் திருத்தி, தேய்ந்த பக்கத்தின் பாரத்தை நல்ல பக்கத்துக்கு மாற்றும் அறுவையை நீங்கள் நன்றாகச் செய்கிறீர்கள். செயற்கை மூட்டுக்குப் போகாமல் சொந்த மூட்டோடு இன்னும் நெடுநாள் இருக்கலாம். போய் வந்த அன்று போனில் கூப்பிட்டார்.

“ஒரு தம்பி ஸ்கேனப் பாத்துட்டு உச்சுக்கொட்டுனாரு சார். ‘ஐயோ பாவம், யாரும்மா இப்படி வெட்டுனது, தைச்சிருக்கலாமே’ன்னாரு.”

“நீ என்ன சொன்ன?”

“நாந்தான்னேன். அரண்டுட்டாரு.”

அந்தத் தம்பி உங்களில் ஒருவர். யார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. உச்சுக்கொட்டியதில் தப்பும் சொல்ல மாட்டேன், அந்த ஸ்கேனைப் பார்த்தால் நானும் கொட்டியிருப்பேன். வெட்டியது யார் என்று பழைய ரிப்போர்ட்டில் இருக்கிறது, என் பெயர்தான். முடிவு யாருடையது என்று எழுத அந்தத் தாளில் இடம் விடவில்லை. அதனால் இங்கே எழுதிவிட்டேன்.

அறுவைக்கு நாள் குறிக்கச் சொன்னதற்கு, சீசன் முடியட்டும் என்று சொல்லியிருக்கிறாராம். குற்றாலச் சீசனில் போலீசுக்கு லீவு கிடைக்காது. போன வாரம் குற்றாலம் போயிருந்தேன். பேரருவியில் பெண்கள் குளிக்கும் பக்கம், கூட்டம் நெட்டித் தள்ளுகிற படிக்கட்டில், யூனிபாரம் சாரலில் தொப்பலாக நனையக் காவலுக்கு நின்றிருந்தார். தோளில் ஒரு நட்சத்திரம் கூடியிருந்தது. என்னை அவர் பார்க்கவில்லை. இடது காலில் பாரத்தைப் போட்டு, வலது காலுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்து நின்றார். பாறையில் வழுக்கிய ஒரு பெண்ணைப் பார்த்து விசில் ஊதிக்கொண்டு இறங்கியபோது மட்டும், இரண்டு காலையும் ஊன்றித்தான் இறங்கினார்.